மெக்சிகோ கடற்கரையில் ஓய்வுபெற்றோரின் வீட்டு வண்டி வாழ்க்கை

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளடங்கிய வண்டியை ஓட்டிக்கொண்டோ, பின்னால் இழுத்துக்கொண்டோ மெக்சிகோவின் கடலோரத்துக்கு வந்து தங்குவது ஓய்வுபெற்ற அமெரிக்கர், கனடியர் பலரின் நெடுநாள் வழக்கம். வடக்கே பனி விழத் தொடங்கும் நவம்பரில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்புவோரே இவர்களில் பெரும்பான்மையர். ஆண்டு முழுதும் அங்கேயே இருந்துவிடுபவர்களும் உண்டு. ஆங்கிலச் சுருக்கமாக ஆர்.வி. என்று வழங்கும் இவ்வண்டிகளில் பேருந்து அளவுள்ள மோட்டார் இல்லங்கள், சரக்குந்தின் முதுகில் கொக்கியிட்டு இழுக்கும் 'ஐந்தாம் சக்கர' வண்டிகள், சிறு வேன்கள் எனப் பல வகை இருக்கின்றன. இந்த வாழ்க்கையின் அழகைக் கடல் தருகிறது. அதன் வடிவத்தைத் தீர்மானிப்பவை மெக்சிகோவின் நிலச்சட்டமும், விசாவின் நாள் கணக்கும், மருத்துவக் காப்பீட்டின் எல்லைகளும்.

வழியும் ஊர்களும்

இழுவண்டி தயாரிக்கும் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தைத் தொடங்கிய வாலி பையம் 1951இல் டெக்சஸிலிருந்து மெக்சிகோ வழியாக மத்திய அமெரிக்காவுக்கு ஓர் இழுவண்டி அணிவகுப்பை அழைத்துச் சென்றார். பல வண்டிகளை வழியிலேயே முடக்கிப்போட்ட கடும் பயணம் அது. ஆயினும் மெக்சிகோவுக்கு வண்டியோடு போகலாம் என்ற எண்ணத்தை நடுத்தர வயதினரிடம் அது விதைத்தது. அடுத்த பெரிய திருப்பம் 1973இல் நிகழ்ந்தது. அந்த ஆண்டு பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தின் முழு நீளத்துக்கும், திஹுவானாவிலிருந்து காபோ சான் லூகாஸ் வரை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டருக்கு, முதலாம் எண் நெடுஞ்சாலை போடப்பட்டு முடிந்தது. அதுவரை மண் பாதையில் துணிந்தவர்கள் மட்டுமே எட்டிய விரிகுடாக்கள் ஓய்வூதியக்காரர்களுக்கும் எட்டின.

இன்று இவர்கள் தங்கும் கரைகள் மூன்று. பாஹாவின் கிழக்குக் கரையில் சான் ஃபெலிப்பே, முலெஹே, லொரேத்தோ, லா பாஸ், லோஸ் பாரிலெஸ் என ஊர்கள் நீள்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள பஹியா கொன்செப்சியோன் என்னும் விரிகுடாவின் சாந்திஸ்பாக், எல் கொயோத்தே, எல் ரெகெசோன் கரைகளில் அலையிலிருந்து சில அடி தள்ளி வண்டியை நிறுத்தலாம். அங்கே குழாயும் இல்லை, மின்சாரமும் இல்லை. இரண்டாவது கரை சொனோரா மாநிலத்துடையது. புவெர்த்தோ பெனியாஸ்கோ, பஹியா கினோ, சான் கார்லோஸ் ஆகியவை அரிசோனாவிலிருந்து ஒரே பகலில் போய்ச் சேரக்கூடியவை. மூன்றாவது மாசத்லானில் தொடங்கி, நயரித்தின் சான் பிளாஸ், ரின்கோன் தே குவாயாபித்தோஸ், லா பெனியீத்தா வழியாக ஹலிஸ்கோவின் மெலாக்கே வரை செல்லும் பசிபிக் கரை. தென்னையும் மாமரமும் நிழல் தரும் இந்தப் பகுதியில்தான் குளிர்காலத்திலும் கடல் வெதுவெதுப்பாக இருக்கிறது. பாஹாவில் டிசம்பருக்குப் பிறகு வடக்குக் காற்று நாள்கணக்கில் வீசும். காற்றுச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் அதைத் தேடி லோஸ் பாரிலெஸுக்கு வருவார்கள். மற்றவர்கள் அந்நாட்களில் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு சீட்டாடுவார்கள்.

நிலமும் சக்கரமும்

மெக்சிகோவின் 1917ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள்ளும் வெளிநாட்டவர் நேரடியாக நிலம் வாங்குவதைத் தடுக்கிறது. அந்நியப் படையெடுப்பில் தன் நிலப்பரப்பில் பெரும்பகுதியை இழந்த நாடு தனக்குத் தானே இட்டுக்கொண்ட காப்பு இது. வீடு வேண்டும் என்பவர்கள் 'ஃபிதேகோமீசோ' என்ற வங்கி அறக்கட்டளை வழியே போக வேண்டும்: நிலம் வங்கியின் பெயரில் இருக்கும், அனுபவ உரிமை 50 ஆண்டுக்கு வெளிநாட்டவருக்குக் கிடைக்கும், காலம் முடிந்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். அதற்கான செலவையும் ஆண்டுக் கட்டணத்தையும் ஏற்க இயலாத, அல்லது ஏற்க விரும்பாத ஓய்வூதியக்காரருக்குச் சக்கரம் வேறொரு வழியைத் திறக்கிறது. நிலத்துக்கு வாடகை, வண்டி தன்னுடையது. பிடிக்காவிட்டால் கிளம்பிவிடலாம்.

இந்த எளிய நன்மையைப் பலர் மெல்ல மெல்லக் கைவிடுகிறார்கள் என்பது வருத்தமான உண்மை. வெயில் தாங்காமல் முதலில் வண்டியின் மேல் ஒரு பலாபா, அதாவது பனையோலைக் கூரை, எழும்பும். பிறகு சிமெண்டுத் தரை, அதன்பின் கொசுவலைத் திண்ணை, வெளிச் சமையலறை, குளியலறை. சில ஆண்டுகளில் வண்டியை நகர்த்தவே முடியாதபடி அதைச் சுற்றி ஒரு வீடு வளர்ந்துவிடும். கடலோர நிலத்தில் நல்ல பங்கு 'எஹீதோ' எனப்படும் உழவர் கூட்டுடைமையைச் சேர்ந்தது. உரிமை வழக்குகள் தலைமுறை தாண்டியும் நீளும். என்செனாடாவை அடுத்த புந்தா பாந்தாவில் இதன் விளைவு கண்கூடாகத் தெரிந்தது. எஹீதோவிடம் குத்தகை பெற்று வீடு கட்டியிருந்த அமெரிக்கர் பலர், நிலம் வேறு உடைமையாளர்களுக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், 2000 அக்டோபரில் வெளியேற்றப்பட்டார்கள். ஏமாந்தவர்களில் பலர் வாழ்நாள் சேமிப்பை அங்கே கொட்டியிருந்தவர்கள். உயர் அலை எட்டும் கோட்டிலிருந்து 20 மீட்டர் அகலமுள்ள பட்டை கூட்டாட்சி அரசின் நிலம் என்பதையும், கடற்கரை மக்கள் அனைவருக்கும் பொது என்பதையும் புதிதாக வருபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வண்டியின் வாசலுக்கு எதிரே யார் வந்து குடை விரித்தாலும் கேட்க முடியாது.

தாள்கள்

சுற்றுலா அனுமதி அதிகபட்சம் 180 நாள். எத்தனை நாள் என்பதை எல்லை அதிகாரி எழுதித் தருவார். அதற்கு மேல் தங்க விரும்புவோர், வருமானமோ சேமிப்போ போதிய அளவு உண்டு எனத் தங்கள் நாட்டிலுள்ள மெக்சிகோ துணைத் தூதரகத்தில் காட்டித் தற்காலிக வசிப்புரிமை பெறுகிறார்கள். வண்டிக்கு வேறு கணக்கு. பாஹாவிலும் சொனோராவின் ஒரு பகுதியிலும் வண்டிக்குத் தனி அனுமதி தேவையில்லை. அவற்றைத் தாண்டினால் பான்ஹெர்சித்தோ என்ற படைத்துறை வங்கியிடம் தற்காலிக இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். வீட்டு வண்டிக்கு இது 10 ஆண்டுக்குக் கிடைக்கும். கூட இழுத்துவரும் காருக்கோ உரிமையாளரின் விசாக் காலம் வரைதான். அதற்கு மாடல் ஆண்டைப் பொறுத்து 200 முதல் 400 டாலர் வரை வைப்புத்தொகையும் உண்டு. குறித்த நாளுக்குள் கார் வெளியேறாவிட்டால் அந்தப் பணம் போய்விடும். அமெரிக்க வாகனக் காப்பீட்டை மெக்சிகோ ஏற்பதில்லை என்பதால் அந்நாட்டுக் காப்பீடு ஒன்றும் வாங்கியாக வேண்டும். துப்பாக்கி கொண்டுவருவது கடுங்குற்றம். மறந்துபோய் அலமாரியில் விட்டிருந்த ஒரு தோட்டாவும் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

சாலையில் முதியவர்கள் சொல்லிக்கொள்ளும் முதல் விதி, இருட்டியபின் ஓட்டாதே என்பது. பாஹாவின் சாலை பல இடங்களில் ஓரமே இல்லாத இருவழிப் பாதை. இரவில் மாடுகள் தார்ச்சூட்டுக்காக அதில் வந்து படுக்கும். முன்னே போகும் சரக்குந்து இடப்பக்க விளக்கைச் சிமிட்டினால் 'தாண்டிப் போகலாம்' என்று பொருளாகலாம், இடப்பக்கம் திரும்பப் போவதாகவும் இருக்கலாம். ஊர் நுழைவுகளில் 'தோபே' என்னும் வேகத்தடைகள் எச்சரிக்கைப் பலகை இல்லாமலேயே வரும். கவனிக்காமல் ஏறினால் அலமாரித் தட்டுகள் எல்லாம் தரையில் கிடக்கும். பழுதானால் உதவ 'பச்சைத் தேவதைகள்' என்ற அரசு மெக்கானிக் குழு பச்சை வண்டிகளில் சுற்றுகிறது. 1960 முதல் இயங்கும் இச்சேவை உழைப்புக்குக் கூலி வாங்குவதில்லை, உதிரிப் பாகத்துக்கும் எரிபொருளுக்கும் மட்டும் காசு. 078 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

ஒரு நாளின் வேலைகள்

காலை கடலோடு தொடங்குகிறது. வெயில் ஏறுமுன் நாயோடு நடை, சிறு படகில் துடுப்பு, கரையில் காபி. ஆழமில்லாத நீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசியபடி நடப்பது எல்லோரும் கற்றுக்கொள்ளும் பழக்கம்: மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போக அது நேரம் கொடுக்கும். மீனவர்களின் 'பாங்கா' படகுகள் கரையேறும் வேளையில் வாளியோடு போனால் மீன் வாங்கலாம். தூண்டில் போடுவோருக்குக் கரையிலிருந்து பிடிக்க உரிமம் வேண்டாம், படகிலிருந்து பிடிக்க வேண்டும். சிங்கி இறால், சிப்பி போன்றவற்றை வெளிநாட்டவர் எடுக்கக் கூடாது. உள்ளூர்க் குடும்பங்களின் பிழைப்பைக் காக்கும் நியாயமான கட்டுப்பாடு அது.

அதன்பின் வீட்டு வேலை. வண்டியில் அது வீட்டிலிருப்பதைவிட அதிகம், ஏனெனில் நகராட்சி செய்யும் காரியங்களையெல்லாம் இங்கே தானே செய்தாக வேண்டும். குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை. 'கர்ராஃபோன்' என்னும் 20 லிட்டர் குடுவையில் சுத்திகரித்த நீர் வாங்குகிறார்கள், அல்லது 'அகுவா, அகுவா' என்று கூவிக்கொண்டு சரக்குந்தில் வருபவரிடம் நிரப்பிக்கொள்கிறார்கள். காய்களை மைக்ரோடின் என்ற கிருமிநாசினிச் சொட்டு விட்ட நீரில் ஊறவைத்து எடுப்பது வழக்கம். மின்சாரத்தின் அலைவெண் அமெரிக்கா, கனடாவைப் போலவே 60 ஹெர்ட்ஸ், அழுத்தம் 127 வோல்ட். ஆனால் பழைய பூங்காக்களின் கம்பி மெல்லியது. பிற்பகலில் நாலு வண்டிகளில் ஏசி ஓடத் தொடங்கினால் மின்னழுத்தம் தொய்ந்துவிடும், சில நேரம் எகிறி மின்பொருளைக் கருக்கிவிடும். ஆகவே அழுத்தக் காப்புக் கருவி இல்லாமல் செருகியைச் செருகுவதில்லை. மின்சாரமே இல்லாத கரைகளில் கூரைமேல் சூரியத் தகடுதான் கதி. சமையல் எரிவாயு தீர்ந்தால் 'காஸேரா' என்ற நிரப்பு நிலையத்துக்கு வண்டியோடு போக வேண்டும். எல்லாவற்றிலும் அலுப்பானது கழிவு. பாத்திரம் கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, மலசலத்துக்கு இன்னொரு தொட்டி. இரண்டும் நிரம்புமுன் பூங்காவின் சாக்கடைத் துளைக்குக் குழாய் மாட்ட வேண்டும். பாஹாவின் வெறுங்கரைகளில் இருப்பவர்கள் அதற்காக ஊருக்குள் போய் வருகிறார்கள். இதில் சோம்பல்பட்டு மணலில் திறந்துவிடும் ஒருவர் ஒரு கடற்கரையையே கெடுத்துவிடுவார். ஒழுங்காகப் போய்க் கொட்டுபவர்களால்தான் அந்தக் கரைகள் இன்னும் குளிக்கத் தக்கவையாக இருக்கின்றன.

வாரம் ஒருநாள் 'தியாங்கிஸ்' சந்தை. தக்காளி, பப்பாளி, எலுமிச்சை, பாலாடைக்கட்டி வாங்கி, 'தோர்த்தில்யா' என்னும் சோள ரொட்டிக் கடையில் சூடாக ஒரு கிலோ கட்டிக்கொண்டு வருவார்கள். கையில் பெசோ ரொக்கம் இருக்க வேண்டும். ஓய்வூதியம் டாலரில் வருவதால் நாணய மாற்றின் ஏற்ற இறக்கம் நேராகக் கூடையில் தெரியும்: 2020 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 24 பெசோவுக்கு மேல் கிடைத்தது, 2023 நடுவில் 17தான்.

பூங்கா வாழ்க்கையின் உயிர் அண்டை அயல்தான். மாலையில் மடக்கு நாற்காலிகள் வட்டமாகக் கூடும். ஒருவர் மின்பொறியாளராக இருந்தவர், இன்னொருவர் செவிலி, மற்றொருவர் தச்சர். ஒருவர் வண்டியில் கோளாறு என்றால் அனைவரின் கருவிப்பெட்டியும் திறக்கும். தெருநாய்களுக்குக் கருத்தடை முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, மருத்துவமனைக்கு நிதி என்று ஊருக்காகவும் உழைப்பவர்கள் பலர். ஆனாலும் இந்த வசதி எந்தக் கைகளின் மேல் நிற்கிறது என்பதை மறக்கலாகாது. ஓலை வேய்பவர், துணி வெளுப்பவர், இருக்கை உறை தைப்பவர், இரவுக் காவலர் என எல்லோரும் உள்ளூர் மக்கள். டாலரில் பார்த்தால் மலிவு என்று இவர்கள் கூலியில் பேரம் பேசுவது அழகல்ல. ஸ்பானியம் கற்றவர்களுக்கும் கல்லாதவர்களுக்கும் கிடைக்கும் மெக்சிகோ ஒன்றல்ல: கற்றவர்கள் ஞானஸ்நான விருந்துக்கு அழைக்கப்படுகிறார்கள், கல்லாதவர்கள் பூங்காவின் வேலிக்குள் வாழ்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் குவாதலஹாராவிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் மெக்சிகோக் குடும்பங்கள் கூடாரம், அடுப்பு, பாட்டி சகிதமாகக் கரையெங்கும் நிரம்பும்போது, வடக்கத்தியர் பெரும்பாலும் கிளம்பிப் போயிருப்பார்கள். அந்த வாரம் இருந்து பார்ப்பவர்களே அந்தக் கரையின் சொந்தக்காரர்களைக் காண்கிறார்கள்.

உடல்நலமும் புயலும்

அமெரிக்க முதியோருக்கான மெடிகேர் காப்பீடு, அரிய விலக்குகள் தவிர, மெக்சிகோவில் செல்லாது. கனடாவில் மாகாணக் காப்பீட்டை இழக்காமலிருக்க நாள் எண்ண வேண்டும்: ஒண்டாரியோவாசி எந்த 12 மாதத்திலும் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருந்திருக்க வேண்டும். பயணக் காப்பீடு வாங்கினாலும், கிளம்புமுன் சில மாதங்களில் இரத்த அழுத்த மாத்திரையின் அளவு மாறியிருந்தால்கூட இழப்பீடு மறுக்கப்படலாம். சிறு நோய்க்கு மருந்துக்கடையை ஒட்டிய மருத்துவரிடம் குறைந்த கட்டணத்தில் பார்த்துக்கொள்ளலாம். பல்லுக்கு, அரிசோனாவின் யூமாவை அடுத்த எல்லையூரான லோஸ் அல்கோதோனெஸில் இறங்கிவிட்டு வருபவர் பலர். பக்கவாதமோ மாரடைப்போ வந்தால் கதை வேறு. பஹியா கொன்செப்சியோனின் கரையிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் பல மணிநேரப் பயணம். எழுபதைத் தாண்டியவர்கள் ஆண்டுதோறும் எங்கே தங்குவது என்று தேர்வதில் இந்தத் தூரமே முதல் கேள்வியாகிறது.

கிழக்குப் பசிபிக்கின் புயல் பருவம் மே 15 முதல் நவம்பர் 30 வரை. 2014 செப்டம்பரில் ஓடில் புயல் காபோ சான் லூகாஸில் கரையேறியது. 2015 அக்டோபரில், கடலில் மணிக்கு 345 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய பட்ரீசியா, ஹலிஸ்கோ கரையைத் தாக்கியது. கோடையில் வண்டியை விட்டுப்போகிறவர்கள் சான் கார்லோஸ் போன்ற ஊர்களின் காவலுள்ள கிடங்குகளில் நிறுத்துகிறார்கள். டயரை வெயில் தின்னாதபடி மூடி, குளிர்பெட்டியைக் காலிசெய்து திறந்து வைத்து, எலி புகும் துளைகளை அடைத்துவிட்டே புறப்படுவார்கள்.

சுருங்கும் பூங்காக்கள்

கடலோர நில விலை ஏற ஏற, மாசத்லானிலும் புவெர்த்தோ வல்யார்த்தாவைச் சுற்றியும் பழைய பூங்காக்கள் விற்கப்பட்டு அடுக்குமாடிகளாகின்றன. விமானத்தில் வந்து வாடகை வீட்டில் தங்குவது எளிதாகிவிட்டதும் ஒரு காரணம். 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை அமெரிக்காவின் தரைவழி எல்லை அவசியமற்ற பயணத்துக்கு மூடப்பட்டிருந்ததால் கனடியர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு தெற்கே வர முடியவில்லை. மாசத்லான் இருக்கும் சினலோவா மாநிலத்தில் 2024 செப்டம்பரில் வெடித்த போதைக் கும்பல் மோதல் குலியாகான் வழியே போகும் சாலைமீது அச்சத்தைக் கூட்டியது. எதிர்த்திசையில் ஒரு மாற்றமும் உண்டு: ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் வந்தபின், பேரக்குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று வெறுங்கரைகளைத் தவிர்த்தவர்கள் இப்போது அங்கேயும் மாதக்கணக்கில் தங்குகிறார்கள்.

கண்பார்வை மங்கி, நெடுஞ்சாலையில் ஓட்ட முடியாத வயது வரும்போது வண்டியை விற்க வேண்டியிருக்கிறது. தற்காலிக அனுமதியில் வந்த வண்டியை மெக்சிகோவுக்குள் விற்பது சட்டப்படி செல்லாது. எல்லைக்குக் கொண்டுபோய் அனுமதியை ரத்து செய்த பிறகே கைமாற்றலாம். எனவே அந்தக் கடைசிப் பயணத்துக்கு ஸ்டீயரிங்கைப் பிடிக்க மகனோ மகளோ வடக்கிலிருந்து விமானத்தில் வருகிறார்கள்.