கைக்கு வேலை தரும் பொம்மை

வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து வளர்த்த சென்னை கே.கே. நகரில் இன்று ஏராளமான குழந்தைகள் அடுக்குமாடி வீடுகளில் வளர்கிறார்கள். தெரு விளையாட்டு சுருங்கச் சுருங்க, வீட்டுக்குள் பொம்மைகள் பெருகுகின்றன. இவற்றில் எது குழந்தையை வளர்க்கும்? பழந்தமிழர் வாழ்வும், இந்த நகருக்குச் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள அடையாற்றின் வரலாறும் இதற்கு ஒரே விடையைத்தான் தருகின்றன: குழந்தையின் கைக்கும் மனத்துக்கும் வேலை வைக்கும் பொம்மையே நல்ல பொம்மை.

பட்டினப்பாலையில் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேரைக் குழந்தைகள் உருட்டுகிறார்கள். தச்சன் செய்த சிறுதேரில் ஏறிப் போக முடியாவிட்டாலும், அதைக் கையால் இழுத்தே சிறுவர்கள் மகிழ்வதைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் சொல்கிறது. தேர் தானாக ஓடியிருந்தால் அந்த இன்பம் பிறந்திருக்காது. பிள்ளைத்தமிழ் இலக்கணமும் ஆண்பாலில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியவற்றைத் தனித்தனிப் பருவங்களாக வகுத்து, குழந்தை வளர்வதை விளையாட்டால் அளந்தது. நடைவண்டியும் அப்படித்தான்: குழந்தை தள்ளினால்தான் நகரும், தள்ளத் தள்ளக் கால் உறுதிப்படும். அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்கு ஏற்றிய சொப்புச் சாமானில் அடுப்பும் பானையும் மட்டுமே உண்டு. சோறும் குழம்பும் குழந்தையின் கற்பனையில்தான் வேகும்.

1939ஆம் ஆண்டில் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி இருவரின் அழைப்பில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு அவருடைய மகன் மாரியோவைக் காவலில் வைத்தது. தாயின் 70வது பிறந்தநாளையொட்டி விடுவித்தது. சில மாதங்களுக்கென வந்த மாண்டிசோரி 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, பத்துக் குழிகளும் பத்து உருளைகளும் கொண்ட மரக்கட்டை. மெல்லிய உருளையை அகன்ற குழியில் வைத்துவிட்டால், கடைசியில் பெரிய உருளைக்கு இடம் இருக்காது. ஆசிரியர் வாய் திறக்காமலே குழந்தை தன் பிழையைக் கண்டு, தானே திருத்திக்கொள்ளும்.

ரோம் நகரில் 1907இல் தொடங்கிய தம் முதல் பள்ளியில் குழந்தைகள் அழகிய பொம்மைகளை ஒதுக்கிவிட்டு இத்தகைய கருவிகளையே நாடியதாக மாண்டிசோரி எழுதினார். அப்படியானால் பொம்மையே வேண்டாமா என்று கேட்கலாம். அவர் கண்டதை, பார்க்க மட்டுமே உதவும் பொம்மையின் தோல்வியாகவே நான் கொள்கிறேன். உருளைக்கட்டைக்கு ஒரே சரியான விடைதான் உண்டு. சொப்புக்கோ எண்ணற்ற கதைகள் உண்டு. கணிப்பை ஒன்றும் கற்பனையை மற்றொன்றும் வளர்ப்பதால் இரண்டும் தேவை. சொப்பு பெண் குழந்தையை அடுப்படிக்குப் பழக்குகிறது என்ற கண்டனம் நியாயமானது. ஆனால் குற்றம் சொப்பில் இல்லை, அதைப் பெண்ணுக்கு மட்டும் கொடுத்ததில் இருக்கிறது. பையனுக்கும் கொடுத்தால் அந்தக் குறை தீரும். பொத்தானை அழுத்தினால் எழுத்தும் நிறமும் சொல்லும் பொம்மைகள் சீக்கிரம் கற்பிக்கின்றன என்பார்கள். அங்கே பேசுவதும் பாடுவதும் பொம்மை. குழந்தைக்கு மிஞ்சுவது ஒரு விரலின் வேலை. பெயர்களை அது மனப்பாடம் செய்யலாம், ஆனால் முயன்று தவறித் திருத்திக்கொள்ளும் பழக்கம் அதில் வராது.

பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். கூர்முனையும் நச்சுச் சாயமும் இல்லாமல் காக்க அது வேண்டும். ஆனால் பொம்மை குழந்தைக்கு என்ன வேலை வைக்கிறது என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. அதைப் பெற்றோர்தான் பார்க்க வேண்டும். விலையையும் வெளிச்சத்தையும் விட்டுவிட்டு, இதை வைத்து என் குழந்தை என்ன செய்யும் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கிய பின், குழந்தை தட்டுத் தடுமாறும்போது உடனே கைநீட்டி உதவாமல் பொறுத்திருங்கள்.