முன்சீப் கையெழுத்து: வெளிநாட்டு வேலை அனுமதியை எங்கே சரிபார்ப்பது?

வெளிநாட்டார் ஒருவரை வேலைக்கு வைக்குமுன், அவருக்கு அங்கே வேலை செய்யும் உரிமை உண்டா என்று முதலாளி பார்த்தாக வேண்டும் என்பது இன்று பல நாடுகளில் சட்டம். அமெரிக்காவில் 1986 முதல் இதற்கென்று ஐ-9 படிவம் இருக்கிறது. பிரிட்டனில் 2024 பிப்ரவரி முதல், முதல் முறை தவறினாலே ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம். இதைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை முதலாளியின் மேசையைச் சுற்றியே வருகின்றன. எந்த ஆவணம் செல்லும், போலியை எப்படிக் கண்டுபிடிப்பது, எத்தனை நாளுக்குள் பதிவது என்பவையே அங்கு கேள்விகள். புறப்படும் ஊரில் நின்று பார்த்தால் வேறொரு கேள்வி முன்னுக்கு வருகிறது. சரிபார்ப்பு விமானம் ஏறுவதற்கு முன்பு நடக்கிறதா, பின்பா? தொழிலாளியின் கதியைத் தீர்மானிப்பது இதுதான் என்பது என் வாதம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்து மூங்கில்துறைப்பட்டு தென்பெண்ணைக் கரையில், சாத்தனூர் அணைக்குக் கீழே இருக்கிறது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை உள்ள ஊர். ஆலை வேலையும் கரும்பு வெட்டும் அரவைப் பருவத்தோடு முடிந்துவிடும். தென்மேற்கே கல்வராயன் மலையிலிருந்து கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்கு ஆள் போவது பழைய வழக்கம். அந்த வழியில் யாரும் அனுமதிச் சீட்டு கேட்பதில்லை. சிங்கப்பூர், மலேசியா என்று எல்லை தாண்டும்போதுதான் காகிதம் உயிர்ப் பிரச்சினையாகிறது.

சிங்கப்பூரில் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் தொழிலாளிக்கும் அவர் 5,000 வெள்ளி பிணைப்பத்திரம் தர வேண்டும். மனிதவள அமைச்சு கொள்கையளவில் ஒப்புதல் தந்து கடிதம் அனுப்பும். ஊரில் ‘ஐ.பி.ஏ.’ என்று சொல்வது இதைத்தான். வேலை என்ன, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். தொழிலாளியின் தாய்மொழியிலும் அது அவர் கைக்கு வர வேண்டும். கடிதம் உண்மையானதா என்று இணையத்தில் பார்க்கவும் வழி உண்டு. ஏஜென்ட் கமிஷன், கடன் என்று இந்த முறையிலும் குறைகள் ஏராளம். ஆனாலும் உரிமை இருக்கிறதா இல்லையா என்பது ஊரில் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது.

மலேசியாவுக்கும் முறையான வழி இருக்கிறது. அதன் பக்கத்திலேயே இன்னொரு வாசல் திறந்து கிடக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் தங்கலாம். சுற்றிப் பார்க்கத் தந்த சலுகை இது, வேலைக்கு இல்லை. ‘போய் இறங்கு, பெர்மிட் அங்கே போட்டுக்கலாம்’ என்று ஏஜென்ட் சொல்ல இது தோதாகிவிட்டது. பெர்மிட் வராமல் நாள் கடந்து தங்கிவிட்டால், அந்நாட்டுக் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அவரை வேலைக்கு வைத்தவருக்கு 55பி பிரிவின்படி ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால்தான் முதலாளியின் சிறைக்காலமும் 5 ஆண்டைத் தொடும். சரிபார்க்கத் தவறியவரை விட, சரிபார்க்க வழியே இல்லாதவருக்குச் சிறை நீளம்.

இந்தியச் சட்டம் இதை எப்படிக் கையாள்கிறது? 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் ‘ஈ.சி.ஆர்.’ வகை. மலேசியா, வளைகுடா உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போவதானால் குடியகல்வோர் பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். அயல்நாட்டு முதலாளியின் ஒப்பந்தம் அப்போது அரசின் பார்வைக்கு வருகிறது. நல்ல ஏற்பாடுதான், ஓட்டைதான் இரண்டு. பத்தாவது தேறியவருக்கு இந்தச் சோதனை கிடையாது. மதிப்பெண் பட்டியல் கையில் இருந்தால் கோலாலம்பூர் கம்பெனியை எடைபோடத் தெரியும் என்று அரசு எந்த அடிப்படையில் கருதுகிறதோ! இரண்டாவது ஓட்டை, சுற்றுலா என்று சொல்லிப் போகிறவருக்கு ஒப்புதலே தேவையில்லை. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் அடைபட்ட தமிழ் இளைஞர்கள் படித்தவர்கள்; இந்தச் சோதனை அவர்களைத் தொடவே இல்லை.

ஊரிலேயே சரிபார்ப்பது நமக்குப் புதிதல்ல. மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த காலத்தில், இன்ன தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று குறித்த உரிமத்தைக் கங்காணி கையில் வைத்திருக்க வேண்டும். புறப்படுகிறவர்களைக் கிராம முன்சீப்பிடம் காட்டி, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். அதன்பிறகுதான் ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள், கப்பல் எல்லாம். இன்றைய கள்ளக்குறிச்சி அன்று அடங்கியிருந்த தென்னார்க்காடும் ஆள் போன மாவட்டம்தான். 1938இல் இந்திய அரசு உடலுழைப்பாளர்களை இப்படிச் சேர்த்து அனுப்புவதைத் தடை செய்ததோடு அந்தக் கையெழுத்துக்கும் வேலையற்றுப் போயிற்று.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாகப் பேச நான் வரவில்லை. முன்சீப் பெரும்பாலும் நிலமுள்ள சாதிக்காரர். பண்ணையாளைப் போகவிடாமல் நிறுத்திவைக்கவும் அந்தப் பேனா அவருக்கு உதவியிருக்கும். ஒப்பந்தத்தின் உள்ளடக்கத்தை அவர் சோதித்தார் என்றும் சொல்வதற்கில்லை. ஆனால் யார், எந்தத் தோட்டத்துக்கு, யார் பொறுப்பில் போகிறார் என்பது ஊரில் ஒரு தாளில் பதிவாகி இருந்தது. 1980இல் முன்சீப் பதவி ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர் வந்தார். சாதி, வருமானம், வாரிசு என்று எல்லாச் சான்றுக்கும் அவரிடம் போகிறோம். வெளிநாட்டு வேலைக்குப் புறப்படுவதற்கு மட்டும் அவரிடம் ஒரு பதிவேடு இல்லை.

இன்னொரு சான்றிதழைச் சேர்த்தால் இன்னொரு கைநீட்டலும் சேரும் என்பது நியாயமான மறுப்பு. அதனால் போகாதே என்று தடுக்கும் அதிகாரம் யாருக்கும் கூடாது. இ-சேவை மையத்தில் அனுமதிக் கடிதத்தைத் திறந்து, அந்த நாட்டு அரசின் தளத்தில் ஒப்பிட்டு, சம்பளத்தையும் பிடித்தத்தையும் தமிழில் படித்துக் காட்டி, நகலொன்றை வைத்துக்கொள்ளும் கடமை மட்டும் போதும். கடிதமே இல்லை என்றால் அதையும் எழுதிவைக்கலாம். ஏஜென்ட் மீது பின்னால் வழக்கு நடத்த அதுவே சாட்சி.

2011ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி அமைந்த அயலகத் தமிழர் நல வாரியம், சிக்கியவரை மீட்பதிலும் இறந்தவர் உடலைக் கொண்டுவருவதிலும் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைப் புறப்பாட்டுக்கும் ஒதுக்க வேண்டும். முதல் பதிவேட்டை மூங்கில்துறைப்பட்டிலேயே திறந்து பார்க்கட்டும்.