வார்சா மேடையும் வெள்ளிமலைப் பிள்ளைகளும்

பியானோ கலைஞர்களுக்குப் போலந்தின் வார்சா நகரில் நடக்கும் ஷோப்பன் போட்டியைவிடப் பெரிய மேடை இல்லை என்றே சொல்வேன். முதல் உலகப் போருக்குப் பிறகு, இசையமைப்பாளர் ஷோப்பனின் இசை காலத்துக்கு ஒவ்வாதது என்ற பேச்சு அவர் பிறந்த போலந்திலேயே எழுந்தது. யெர்ஷி ஜுராவ்லெவ் என்ற இசைப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. விளையாட்டுப் போட்டிகளில் இளைஞர்கள் காட்டிய வேகத்தைப் பார்த்து, இசைக்கும் போட்டி வைக்கத் துணிந்தார். 1927 ஜனவரியில் 8 நாடுகளிலிருந்து 26 பேர் வந்தார்கள். சோவியத்தின் லெவ் ஒபோரின் முதல் பரிசு பெற்றார். அதே மேடையில் வாசித்த, பின்னாளில் பெரும் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற இளம் ஷோஸ்டகோவிச்சுக்குப் பாராட்டுச் சான்றிதழ்தான் கிடைத்தது!

ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்பது ஏற்பாடு. இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டதால் நான்காம் போட்டி 1949இல்தான் நடந்தது. அப்போது நடுவர்கள் வாசிப்பவரின் முகம் பாராமல் காதால் கேட்டே மதிப்பிட்டார்கள். முதல் பரிசை இரண்டு பெண்கள் பகிர்ந்துகொண்டார்கள். 1960இல் பொல்லினி, 1965இல் ஆர்ஹெரிச் என்று வென்றவர் வரிசையில் பெரும் பெயர்கள் தொடர்ந்தன. 1990, 1995 ஆகிய இரு போட்டிகளிலும் முதல் பரிசே வழங்கப்படவில்லை. அந்தக் கண்டிப்புதான் பரிசின் மதிப்பைக் காத்தது.

நம் ஊர்க்காரர்கள் அறிய வேண்டியது 1980ஆம் ஆண்டின் கதை. அவ்வாண்டு வென்ற டாங் தாய் சோன் வியட்நாம்காரர். ஆசியாவிலிருந்து முதல் பரிசு பெற்ற முதல் கலைஞர். ஹனோய் மீது அமெரிக்கக் குண்டுகள் விழுந்த நாட்களில் இசைப்பள்ளியையே கிராமத்துக்கு மாற்றினார்கள். எருமை வண்டியில் பியானோ போய்ச் சேர்ந்தது. அங்கேதான் அந்தச் சிறுவன் பயின்றான். பியானோ ஆசிரியையான அம்மா, தாய் தி லியென், அவனுக்கு முதல் குரு. பிறகு மாஸ்கோவில் மேற்படிப்பு. 22 வயதில் வார்சாவில் வெற்றி. பின்னர் அவரும் ஆசிரியரானார். 2021இல் வென்ற புரூஸ் லியூ, 2025இல் வென்ற எரிக் லூ இருவருமே அவரிடம் பயின்றவர்கள்.

போர்க்காலக் கிராமத்துக்குப் போன பியானோ, நம் கள்ளக்குறிச்சியின் கல்வராயன் மலைக்கு ஏறாதா? அந்த மலையில் உள்ள வெள்ளிமலை வரை இன்று பேருந்து போகிறது. அங்குள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் நல்ல குரலும் தாளக்கட்டும் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கு ஒரு கீபோர்டும், வாரம் இருமுறை மலையேறி வரும் ஓர் ஆசிரியரும் இருந்தால் தொடங்கிவிடலாம். கள்ளக்குறிச்சியின் வணிகப் பெருமக்களும் வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் இந்தச் செலவை ஏற்க முன்வர வேண்டும் என்று இம்மலர் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.