ஏத்துறது ஒருத்தர், கோடு கீறுறது ஆர்?

தமிழ்நாட்டில் 'நாட்டாமை' என்றால் ஊர்ப் பெரியவர், பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்பவர். எங்கட நாட்டில், கொழும்பு புறக்கோட்டையில், 'நாட்டாமி' என்றால் மூட்டை சுமந்து லொறியில் ஏற்றி இறக்குகிற தொழிலாளி. சொல் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் லொறியில் எவ்வளவு ஏற்றலாம், எப்போது நிறுத்தலாம் என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை இந்த நாட்டாமிக்கு இல்லை. பாரத்தின் அளவை நன்றாக அறிந்தவர் ஒருத்தர், அதை முடிவு செய்பவர் வேறொருத்தர். பாரம் ஏற்றுவதன் வரலாறு பெரும்பாலும் இந்த இடைவெளியைப் பற்றியதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

சரியாக ஏற்றுவது எப்படி என்ற அறிவு மிகப் பழையது. இரண்டு சில்லு மாட்டு வண்டிலையே எடுங்கோ. பாரம் முன்னுக்குக் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னுக்குக் கூடினால் நுகம் மேலே கிளம்பி, கழுத்துக் கயிறு இறுகி மாடு மூச்சுத் திணறும். அதனால் வண்டில்காரர் பாரமான மூட்டைகளை அச்சுக்கு நேரே வைப்பார். மிச்சத்தைத் தான் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிச் சமன் செய்வார். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாட்டுக் கோப்பி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தது மாட்டு வண்டில்களில்தான். 1867இல் கண்டிக்கு ரயில் போன பிறகுதான் நிலைமை மாறியது.

வண்டிலில் பிழை விட்டால் உடனே தெரிந்துவிடும். மாடு நகராது. கப்பலில் அப்படி இல்லை. அங்கே ஏற்றுபவர் துறைமுகத்தில் நிற்பார், லாபம் எடுப்பவர் நகரத்தில் இருப்பார், மூழ்குபவர் நடுக்கடலில் இருப்பார். மூன்று பேரும் ஒரே இடத்தில் இல்லாததுதான் 19ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியக் கடலோடிகளின் உயிரைக் குடித்தது.

நீர்மட்டத்துக்கும் கப்பலின் மேல்தளத்துக்கும் இடையில் மிஞ்சுகிற உயரம்தான் கப்பலின் உயிர். பாரம் கூடக் கூட அந்த உயரம் குறையும். ஒரு பெரிய அலை தளத்தில் ஏறினால் பிறகு கப்பல் நிமிர்வது கஷ்டம். இது கப்பல் முதலாளிகளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் கப்பல் காப்புறுதி செய்யப்பட்டிருந்தது. சில பழைய கப்பல்கள் அவற்றின் பெறுமதிக்கும் மேலான தொகைக்குக் காப்புறுதி செய்யப்பட்டிருந்தன. கரை சேர்ந்தால் கூடுதல் லாபம், மூழ்கினால் காப்புறுதிப் பணம். மக்கள் இவற்றுக்குச் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்று பெயர் வைத்தார்கள்.

கடலோடி ஏற மாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே? சொன்னார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்த பிறகு, கப்பல் இருக்கும் நிலையைப் பார்த்துப் பயந்து ஏற மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். சட்டத்தின் பார்வையில் அது ஒப்பந்த மீறல். மூழ்கப்போகிற கப்பலில் ஏறுவது கடமை, மறுப்பது குற்றம்!

இந்த இடத்தில்தான் சாமுவேல் பிளிம்சோல் வருகிறார். நிலக்கரி வியாபாரி. 1868இல் டார்பி தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர். கப்பலின் பக்கத்தில் கோடு போட வேண்டும் என்ற யோசனை அவருடைய சொந்த யோசனை இல்லை. நியூகாசில் கப்பல் முதலாளியான ஜேம்ஸ் ஹோல் அவருக்கு முன்பே அதற்காகப் பேசி வந்தார். முதலாளிகள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்கவில்லை என்பதையும் நாங்கள் கவனிக்க வேண்டும். பிளிம்சோல் 1873இல் கடலோடிகளின் நிலை பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டு, விஷயத்தை நாடு முழுக்கக் கொண்டுபோனார்.

1875 ஜூலை 22ஆம் திகதி, கப்பல் பாதுகாப்புச் சட்டமூலத்தைக் கைவிடுவதாகப் பிரதமர் டிஸ்ரேலி பாராளுமன்றத்தில் அறிவித்தார். பிளிம்சோல் கொதித்தெழுந்து சபைக்குள்ளேயே சத்தம் போட்டார், கப்பல் முதலாளிகளை அயோக்கியர்கள் என்றார். சபையை விட்டு வெளியேற வேண்டி வந்தது, பிறகு மன்னிப்பும் கேட்டார். ஆனால் வெளியே மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். அரசாங்கம் அவசர அவசரமாக ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டு வந்தது. 1876இல் வணிகக் கப்பல் சட்டம் நிறைவேறி, பிரித்தானியக் கப்பல்களில் பாரக்கோடு கட்டாயமானது.

வெற்றி என்று இங்கே கதையை முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கோடு கீற வேண்டும் என்று சொன்ன சட்டம், எங்கே கீற வேண்டும் என்று சொல்லவில்லை. அதை முதலாளியே முடிவு செய்யலாம்! கோட்டைக் கொண்டுபோய்ப் புகைபோக்கியில் கீறிய ஒரு கப்டனைப் பற்றிய கதையும் உண்டு. கோட்டின் இடத்தை அரசே தீர்மானிக்கும் என்ற சட்டம் வர 1890 ஆனது. 1906இல் பிரித்தானியத் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களுக்கும் விதி விரிந்தது. ஆனால் அதே ஆண்டில் கணக்கு அட்டவணைகள் திருத்தப்பட்டு, கப்பல்கள் முன்பைவிடக் கூடுதலாக ஏற்ற வழியும் திறந்தது. கீறிய கோட்டை நகர்த்தவும் முடியும். சர்வதேச ஒப்பந்தம் 1930இல் வந்தது, இப்போது நடைமுறையில் இருப்பது 1966இன் ஒப்பந்தம்.

இன்றைக்கும் சரக்குக் கப்பலின் பக்கத்தில் ஒரு வட்டமும், அதைக் குறுக்கே வெட்டும் ஒரு கோடும் இருக்கும். பக்கத்திலேயே ஏணிப்படி போலச் சின்னக் கோடுகள். நன்னீரில் கப்பல் கூடுதலாக அமிழும் என்பதால் அதற்கொரு கோடு. எங்களைப் போன்ற வெப்பவலயக் கடல்களுக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் கீழே, மிகக் குறைவாக ஏற்றச் சொல்லும் கோடு, குளிர்கால வட அத்திலாந்திக்குக்கு. ஒரே கப்பல்தான், ஆனால் போகிற கடலைப் பொறுத்து 'போதும்' என்ற அளவு மாறுகிறது.

கோடு வந்த பிறகும் கணக்கு நேர்மையாக நடந்துவிடவில்லை. ஒரு பெட்டியின் எடை தெரியாமல் அதைத் தூக்குகிறவருக்கு ஆபத்து. அதனால் சர்வதேச தொழில் அமைப்பு 1929இல், கப்பலில் அனுப்பும் 1000 கிலோவும் அதற்கு மேலும் உள்ள பொதிகளில் எடையை எழுத வேண்டும் என்று ஒப்பந்தம் செய்தது. பிறகு கொள்கலன்கள் வந்தன. உள்ளே என்ன, எவ்வளவு என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. 2007 ஜனவரியில் எம்எஸ்சி நப்போலி என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் உடைந்தது. விசாரணையில், மேல்தளத்தில் நனையாமல் இருந்த ஏறத்தாழ 660 கொள்கலன்களை நிறுத்துப் பார்த்தார்கள். 137இன் எடை, பத்திரத்தில் எழுதியதிலிருந்து 3 தொன்னுக்கு மேல் வித்தியாசப்பட்டது! நிறுத்து உறுதி செய்யாத கொள்கலனைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்ற உலக விதி 2016 ஜூலை 1இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்தக் கொள்கலன் துறைமுகத்தை விட்டு லொறியில் ஏறினால் என்ன? பழைய வண்டில்காரரின் அறிவு அங்கேயும் செல்லுபடியாகும். பாரமானது கீழே, இலேசானது மேலே. முன்தட்டியோடு ஒட்டி, இடைவெளி விடாமல் அடுக்க வேண்டும். முழுப் பாரமும் ஒரே அச்சில் விழக்கூடாது. கயிறும் பட்டியும் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. பிரித்தானிய வழிகாட்டியின்படி, முன்பக்கம் சாமானின் முழு எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் பாதியை. ஏனென்றால் சாரதி பிரேக் அடித்தால் லொறிதான் நிற்கும், சாமான் நிற்காது. கட்டாத இரும்புக் குழாய் சாரதி இருக்கும் இடத்துக்குள்ளேயே வரும்.

கூடுதல் பாரத்துக்கு றோட்டும் விலை கொடுக்கிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், இதற்கென்றே றோட்டுப் போட்டு லொறிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். அச்சின் பாரம் இரண்டு மடங்கானால், றோட்டுக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று தெரிந்தது. கூடுதலாக ஏற்றிய லாபம் ஒருத்தருக்கு, பள்ளம் எல்லாருக்கும்.

முதுகுக்கு ஒரு கோடு உண்டா? 1967இல் சர்வதேச தொழில் அமைப்பு, வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. அதாவது ஒற்றைப் பையே எல்லைக்குக் கிட்டத்தான், அதையும் ஒரு நாளில் எத்தனை தடவை தூக்குவது? கப்பலுக்குப் போட்டது போல வெள்ளைக் கோடு ஒன்றை மனுசனின் முதுகில் கீற முடியாது. அதனால்தான் 'போதும்' என்று சொல்லும் உரிமை அவருக்கே வேண்டும்.

அந்த உரிமையும் எழுத்தில் வந்துவிட்டது. உயிருக்கு உடனடியான, பெரிய ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகும் தொழிலாளியைத் தண்டிக்கக்கூடாது என்று 1981இன் 155ஆம் இலக்க ஒப்பந்தம் சொல்கிறது. கப்பலில் ஏற மறுத்தவரைச் சிறையில் போட்ட காலத்திலிருந்து அங்கே வந்து சேர நூறு வருசத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. ஆனால் நாட்கூலிக்கு வேலை செய்கிறவர் "இதுக்கு மேல ஏத்தேலாது" என்று சொன்னால், நாளைக்கு அவரைக் கூப்பிடாமல் விடுவதற்கு ஒரு சட்டமும் தேவையில்லை. எங்கட பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களும், விநியோகக் கம்பனிகளில் வேலைக்குச் சேருபவர்களும் சரக்கு அடுக்கும் முறைகளைப் படிக்கத்தான் போகிறார்கள். அந்தப் பாடத்தோடு சேர்த்து, ஏற்றுகிறவரிடம் ஒரு தடவை கேட்டுவிட்டு லொறியை அனுப்பும் பழக்கத்தையும் படிக்க வேண்டும் என்பதே எங்கட கருத்து.