கருச்சிதைவுச் சட்டமும் அரசியல் இணக்கமும்: மலைநாட்டிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில், ஹேவாஹெட்ட என்னும் பெயருக்கு 'அறுபது போர்வீரர்' எனப் பொருள் கூறியுள்ளார். அந்நூலின் பிறிதோரிடத்தில், தீய கோள்நிலையிற் பிறந்தனவாகக் கணிக்கப்பட்ட சிசுக்கள் சில வேளைகளில் உயிரோடு விடப்படவில்லை என்றும், அதனை அம்மக்கள் குற்றமாகக் கருதவில்லை என்றும் அவர் எழுதுகின்றார். அந்நியர் ஒருவரின் கூற்றை ஆராயாது ஏற்றல் தகாது. எனினும், பிறப்புப் பற்றிய கடினமான முடிவுகள் அக்காலத்தில் மன்றத்திலன்றி மனையிலேயே எடுக்கப்பட்டன என்பதற்கு அது ஒரு சான்றாகும். அம்முடிவுகள் மனையைவிட்டு மன்றத்திற்கு வந்த வரலாறும், வந்தபின் அங்கு முடிவின்றித் தேங்கிய வரலாறும் ஈண்டு நோக்கற்பாலன.

1815 இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1883 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை தீவு முழுவதற்கும் பொதுவான குற்றவியற் சட்டத்தை வகுத்தது. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே அதற்கு முன்மாதிரி. அதன் 303 ஆம் பிரிவின்படி, ஒரு பெண்ணின் உயிரைக் காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டாலன்றிக் கருச்சிதைவை விளைவித்தல் குற்றமாகும். மூன்று ஆண்டுவரையும், வயிற்றிற் சிசுவின் அசைவு உணரப்பட்ட பின்னராயின் ஏழு ஆண்டுவரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். தானே தனக்கு அதனைச் செய்துகொள்ளும் பெண்ணும் குற்றவாளியே.

இப்பிரிவை ஊன்றி நோக்கின், அதுவே ஓர் இணக்கமென்பது புலப்படும். கருவின் உயிரைக் காக்க முனையும் சட்டம், தாயின் உயிர் ஆபத்துக்குள்ளாகும் வேளையில் தாய்க்கே முதலிடம் அளிக்கின்றது. கருவின் வளர்ச்சிக்கேற்பத் தண்டனையையும் வேறுபடுத்துகின்றது. ஆனால் இவ்விணக்கம் ஆட்சியாளர் தம்முட் கண்ட இணக்கமே. அக்காலச் சட்டநிரூபண சபையில் மக்களால் தெரிவுசெய்யப்பட்டவர் ஒருவருமிலர், பெண்களும் இலர்.

சட்டக்கோவை இயற்றப்படுமுன்னரே ஹேவாஹெட்ட மலைச்சாரலின் முகம் மாறத் தொடங்கியிருந்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன்பின் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் லயன் அறைகளில் நிலைகொண்டன. கொழுந்து பறிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையதாயிற்று. 1939 ஆம் ஆண்டின் பேறுகால நன்மைகள் கட்டளைச்சட்டம் தொழிலாளப் பெண்ணைத் தாயாக ஏற்று உதவியது. ஆனால் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தமும், 1931 இற் சர்வசன வாக்குரிமை கண்ட நாட்டிலே தோட்டப் பெண்களுட் பெரும்பாலாரை வாக்கற்றவராக்கின. 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே நாடற்றோர் பிரச்சினைக்குத் தீர்வு கிட்டியது. சட்டத்தின் சுமையை மிகுதியாகத் தாங்கியோருட் பலருக்கு, அதனை மாற்றும் மன்றத்திற் பல்லாண்டு காலம் குரலிருக்கவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

மகப்பேற்றுப் பராமரிப்பில் இலங்கை அடைந்த முன்னேற்றம் பெரிது. 1930களில் 100,000 உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000 ஐத் தாண்டியிருந்த தாய் இறப்பு இன்று 50 இலும் குறைந்துள்ளது. குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் 1953 இல் தோன்றியது. 1965 இல் அப்பணியை அரசு தனது தாய் சேய் நலச் சேவையுடன் இணைத்தது. கருத்தடை அரசின் கொள்கையாயிற்று. கருச்சிதைவோ 1883 இல் நின்ற இடத்திலேயே நின்றது.

அயல்நாடுகள் இக்காலத்தில் வேறு வழிகளை நாடின. பிரித்தானியா 1967 இற் சட்டமியற்றி, இரு மருத்துவர்களின் கருத்தை நிபந்தனையாக்கியது. இந்தியா, சாந்திலால் ஷா குழுவின் அறிக்கையை அடியொற்றி, 1971 இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 12 வாரம்வரை ஒரு மருத்துவரும், 20 வாரம்வரை இருவரும் முடிவுசெய்யலாம் என்ற அந்த ஏற்பாடு, உரிமை என்னும் சொல்லை முன்வைக்காது மருத்துவத் தேவை என்னும் சொல்லால் எதிர்ப்பைத் தணித்தது. ஜேர்மனி 1995 இல், ஆலோசனை பெற்றபின் முதல் 12 வாரங்களுட் செய்யப்படும் கருக்கலைப்புச் சட்டத்துக்கு முரணானதே, ஆயினும் தண்டனைக்குரியதன்று என விதித்தது. கொள்கையை ஒரு சாராருக்கும் நடைமுறையை மறு சாராருக்கும் வழங்கிய ஏற்பாடு அது.

அதே 1995 இல் இலங்கைப் பாராளுமன்றமும் இவ்வினாவை எதிர்கொண்டது. நீதி அமைச்சர் ஜீ. எல். பீரிஸ் முன்வைத்த தண்டனைச் சட்டக்கோவைத் திருத்த மசோதாவில், வன்புணர்வு, தகாத உறவு, கருவின் கடும் குறைபாடு ஆகிய நிலைகளிற் கருச்சிதைவை அனுமதிக்கும் வாசகம் இடம்பெற்றிருந்தது. எதிர்ப்பு வலுத்தது. ஏனைய திருத்தங்களைக் காக்கும் பொருட்டு அவ்வாசகம் கைவிடப்பட்டது. எஞ்சிய பகுதி 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டமாயிற்று.

இதனையும் இணக்கம் என்றே அரசியலறிஞர் சிலர் கூறக்கூடும். ஆனால் அதன் விளைவை நோக்குக. அச்சட்டம் உடன்பாட்டு வயதை 16 ஆக உயர்த்தியது. தகாத உறவைத் தனிக் குற்றமாக்கியது. பதினைந்து வயதுச் சிறுமியின் சம்மதம் சம்மதமாகாது என்று சொன்ன அதே சட்டம், அக்குற்றத்தால் அவள் கருவுறின் அக்கருவைச் சுமந்தே தீரவேண்டும் என்ற நிலையை மாற்றவில்லை. குற்றத்துக்குப் பெயர் கிடைத்தது. குற்றத்துக்கு ஆளானவளுக்குப் பரிகாரம் கிடைக்கவில்லை. ஒரு தரப்பு விரும்பியதில் ஒரு பாதியை வெட்டிவிடுவதும், இரு தரப்பும் தத்தம் நியாயத்தை விளக்கி ஓர் எல்லையை வரைவதும் ஒன்றல்ல.

2017 இல், நீதியரசர் அலுவிஹாரே தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை அடுத்து, வன்புணர்வு, கருவின் கடும் குறைபாடு என்னும் நிலைகளுக்கு விலக்களிக்கும் முயற்சி மீண்டும் எழுந்தது. கத்தோலிக்க ஆயர்கள் வெளிப்படையாக எதிர்த்தனர், முயற்சி தேங்கியது. எதிர்ப்போரின் நிலைப்பாட்டை வெறும் பிடிவாதமென ஒதுக்குதல் முறையன்று. கருவை உயிரெனக் கொள்ளும் நம்பிக்கை ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதுமன்று. பௌத்த விநயத்தின் மூன்றாம் பாராஜிகை, பிக்கு ஒருவர் கொல்லலாகாத மனித உயிரைத் தாய் வயிற்றில் முதல் விஞ்ஞானம் தோன்றுங் கணத்திலிருந்தே கணிக்கின்றது. இந்து தருமநூல்கள் கருக்கொலையைப் பெரும் பாவங்களுள் வைத்தெண்ணுகின்றன.

ஆயினும் சட்டம் கண்மூடி நின்ற காலமெல்லாம் வாழ்க்கை நின்றுவிடவில்லை. நாளொன்றுக்கு 650 அளவிற் கருக்கலைப்புகள் நிகழ்கின்றன என்பது பரவலாக எடுத்தாளப்படும் மதிப்பீடு. மறைவில் நிகழ்வதை எண்ணுதல் அரிது. மதிப்பீட்டில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆனால் நிகழ்வதை எவரும் மறுப்பதில்லை. இரத்தப்பெருக்குடன் வரும் பெண்ணுக்கு அரச மருத்துவமனைகள் சிகிச்சை அளிக்கின்றன. வசதி படைத்தவள் பாதுகாப்பை விலைக்கு வாங்குகின்றாள். மலைப்பாதையிற் பல மைல் கடந்து கண்டிக்கு வரவேண்டிய தோட்டப் பெண்ணோ, பல வேளைகளிற் காலம் கடந்தே வருகின்றாள். சட்டம் எல்லார்க்கும் ஒன்று. அதன் தண்டனை மட்டும் வறியவளின் உடலில் நிறைவேறுகின்றது.

ஆகவே இந்நாட்டில் இணக்கமே இல்லை என்பது சரியன்று. பேசாதிருத்தல் என்னும் இணக்கம் நெடுங்காலமாக உண்டு. சமயத் தலைவர் சட்டநூலின் வாசகத்தைக் காக்கின்றனர். அரசு வழக்குகளை நெருக்காது விடுகின்றது. அதன் விலையை அம்மேசைக்கு அழைக்கப்படாதவர் செலுத்துகின்றனர். உண்மையான இணக்கம் இரு தரப்பாரும் தாம் விட்டுக்கொடுப்பது யாதென அறிந்து விட்டுக்கொடுப்பது. கருவின் உயிரைப் போற்றுவோர், வன்புணர்வுக்குள்ளான சிறுமிக்குத் தாம் கூறும் விடையைப் பொதுமன்றத்திற் கூறவேண்டும். சட்டத்தளர்வை வேண்டுவோர், எந்த வாரம்வரை, எவர் சான்றுடன் என்ற எல்லையைக் கூறவேண்டும். 1883 இன் சட்டமியற்றியோர் தாயின் உயிரென்னும் ஓர் எல்லையையாவது வரைந்தனர். வாக்குரிமை பெற்ற மக்களின் மன்றம் அதற்கு அப்பால் ஓரடியேனும் வைக்குமா என்பதே வரலாறு விடுத்துள்ள வினா.