கடனும் உதவியும்

புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் கடமைகளைப் பங்கிடுகிறார். பிள்ளையைப் பெற்று வளர்க்கும் பொறுப்பு தாய்க்கு. அவனைச் சான்றோனாக்கும் பொறுப்பு தந்தைக்கு. செஞ்சியில் இந்தப் பாடலை நடத்தும்போதெல்லாம் ‘கடன்’ என்ற சொல்லில் நின்றுவிடுகிறேன். குளிப்பாட்டுவதும் சோறூட்டுவதும் யார் தலையில் என்பது அன்றே முடிவாகியிருக்கிறது.

தூர்தர்ஷன் வீட்டுக்குள் வந்த 1980களில் விளம்பரங்களும் அதே பங்கீட்டைத்தான் சொல்லின. நிர்மா பாட்டு பெயர் சொல்லி அழைத்தது பெண்களை. சர்ஃப் விளம்பரத்து லலிதாஜி கறாரானவர், கணக்குத் தெரிந்தவர். ஆனால் அந்த அறிவு முழுவதும் அழுக்குத் துணிக்கே செலவானது. 1990களில் ரேமண்ட் ‘முழுமையான ஆண்’ ஒருவரைக் கொண்டுவந்தது. கோட்டு அணிந்தவர் குழந்தையிடம் குழைந்தார். அந்தக் கனிவு அவருக்கு அழகு சேர்த்தது. அலசிப் போடவேண்டிய துணி மட்டும் படத்தில் இல்லை.

அந்தத் துணியை 2015இல் ஏரியல் எடுத்துப் பேசியது: துவைப்பது பெண்ணின் வேலை மட்டும்தானா? அடுத்த ஆண்டு வந்த படத்தில், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் ஓய்வின்றி ஓடும் மகளைப் பார்க்கிறார் ஓர் அப்பா. மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதுகிறார். ஊர் திரும்பி, துணி துவைக்க மனைவிக்கு உதவுகிறார். நானும் கண் கலங்கினேன். பிறகுதான் உறைத்தது. அவர் ஒருநாள் செய்ததற்கு அழுகிறோம். அவர் மனைவி ஆயுள் முழுக்கச் செய்ததற்கு யாரும் அழவில்லை.

அம்மா செய்தால் கடன், அப்பா செய்தால் உதவி. உதவிக்கு நன்றி சொல்லவேண்டும். உதவுகிறவர் நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். கடனுக்கு இரண்டும் இல்லை. ஆணின் கையில் துணிக்கூடையைக் கொடுத்த விளம்பரம், அந்த வேலையின் பட்டாவைப் பெண் பெயரிலேயே வைத்திருக்கிறது.

சட்டமும் அப்படித்தான். 2017 திருத்தம் மகப்பேறு விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. தந்தைக்கு அதில் ஒருநாள்கூட இல்லை. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. வளர்ப்பது யார் வேலை என்பதை இந்த எண்களே சொல்லிவிடுகின்றன. 2019இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். 2024இல் அது 289, 88. இத்தனை விளம்பரங்களுக்குப் பிறகும் ஆண்களின் நேரம் கூடவில்லை, குறைந்திருக்கிறது.

அந்த அப்பா படத்தை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி சொன்னாள்: “நான் தெனமும் தண்ணி புடிச்சு, சோறு வடிச்சு வச்சிட்டுத்தான் பஸ்ஸ புடிக்கிறேன் மேடம். அண்ணன் ஒருநாள் தன் சட்டைய தானே தொவைச்சுது. அம்மா அத தெரு பூரா சொல்லிச்சு.”

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தெருவில் சொல்வதற்கு எதுவுமில்லாத சாதாரண வேலையாக அது அவள் அண்ணனுக்கும் ஆகும் நாளில்தான் கடன் பொதுவாகும்.