வெயில்லயும் மழையிலயும் நிற்கும் மரம்

"தோட்டத்துல போட ஒரு மர பெஞ்சு வாங்கணும், எந்த மரம் நல்லது?" புதுசா வீடு கட்டின பலரும் கேட்கிற கேள்வி. கடைக்காரர் "தேக்கு வாங்கிடுங்க சார், ஆயுசுக்கும் கிடக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். வருஷம் முழுக்க வெட்டவெளியில் மரத்தை நிறுத்தி வைப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லையே. பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு சுற்று வந்தாலே இந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிடும்.

முதலில் சாத்தனூர். பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டம். அங்கே ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டருக்கு மேல், வயசு ஏறக்குறைய 12 கோடி வருஷம்! புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் இதை உலகத்துக்குத் தெரிவித்தார். அந்தக் காலத்தில் இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. மரம் சேற்றுக்குள் புதைந்து, காற்றே படாமல் கிடந்ததால் மட்கவில்லை. மெல்ல மெல்ல சிலிக்கா உள்ளே புகுந்து கல்லாகிவிட்டது. மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் மரம் பிழைத்துக்கொள்ளும்.

நாம் பெஞ்சைச் சேற்றுக்குள் புதைத்து வைக்க முடியாது :-) ஆகவே ஈரத்தைத்தான் ஒரு கை பார்க்க வேண்டும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை தலை காட்டாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவோம்.

அரியலூர் மாவட்டம் கங்கைகொண்டசோழபுரம். கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். கொஞ்ச தூரத்தில் மாளிகைமேடு இருக்கிறது. ராஜேந்திர சோழனும் அவனுக்குப் பின் வந்தவர்களும் இருந்து ஆண்ட அரண்மனை அங்கேதான் இருந்தது. 1980-களில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், பட்டைகள் எல்லாம் கிடைத்தன. கருங்கல் தூண் பீடங்கள் சில வைத்த இடத்திலேயே இருந்தன. மேலே நின்றவை வழவழப்பாக இழைத்த மரத்தூண்களாக இருந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. அந்தத் தூண்கள் இன்றைக்கு இல்லை. ஆணி இருக்கிறது, ஆணி அடித்த மரம் இல்லை. ஒரு பேரரசே காவல் இருந்தாலும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனபின் மரம் நிற்காது.

ஆனால் அந்தப் பீடத்தைக் கவனியுங்கள். மரத்தின் கால் மண்ணில் படக்கூடாது என்பது அந்தக் காலத் தச்சர்களுக்கு அத்துப்படி. நம்ம ஊர் பழைய திண்ணை வீடுகளிலும் மரத்தூணுக்குக் கீழே ஒரு கல் இருக்கும், பார்த்திருப்பீர்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தையும் கரையானையும் அந்தக் கல் தடுக்கும். மரம் தண்ணீரைப் பக்கவாட்டில் குடிப்பதைவிட, குறுக்கே அறுத்த முனை வழியாகத்தான் வேகமாகக் குடிக்கும். பெஞ்சுக் காலின் அடிப்பக்கம் அப்படிப்பட்ட முனைதான். நல்ல பெஞ்சும் கெட்டுப்போவது அங்கே இருந்துதான். நாலு காலுக்கும் நாலு கல் வைத்தால் பாதி வேலை முடிந்தது.

இனி வெளியில் நின்றும் பிழைத்த மரத்துக்கு வருவோம். வேறென்ன, தேர்தான்! சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் ஆகட்டும், கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயில் ஆகட்டும், தேர் ஓடுவது என்னவோ வருஷத்தில் சில நாள்தான். மிச்ச நாளெல்லாம் நிலையில் நின்றாக வேண்டும். துணியும் மூங்கிலும் கட்டிய மேல் அலங்காரத்தைத் திருவிழா முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். சிற்பங்கள் நிறைந்த கனமான அடிப்பகுதி மட்டும் நிற்கும். சித்திரை வெயிலில் காய்ந்து, ஐப்பசி மழையில் நனைந்து, திரும்பக் காய்வதுதான் மரத்துக்கு எமன். சுருங்கி விரிந்து வெடிப்பு விடும், வெடிப்பில் தண்ணீர் தங்கும்.

இதைத் தாங்கத்தான் தேருக்கு இலுப்பையைத் தேடிப் பிடித்தார்கள். "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று கிண்டலுக்கு ஆளான அதே மரம்! கனமானது, வைரம் பாய்ந்தால் ஈரத்துக்கு அசையாது. வேங்கை, தேக்கு எல்லாம் அதற்குத் துணை. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. நம்ம புன்செய்க்காட்டு ஆட்கள் வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் கருவேலத்தைத்தான் நம்பினார்கள். ஆனால் எந்த மரமானாலும் உள்ளே இருக்கும் வைரம்தான் உழைக்கும். வெளிப்பக்கத்து வெளுத்த பகுதியைப் பூச்சி சீக்கிரம் தின்றுவிடும். தேக்கு என்ற பேரை மட்டும் பார்த்துக் காசைக் கொடுத்துவிடாமல், நிறத்தையும் கனத்தையும் பாருங்கள்.

அப்புறம், மரம் தேர்ந்தெடுத்ததோடு வேலை முடியாது. தேர்களைச் சுற்றித் தகரக் கொட்டகை போடுவது ஏன்? தண்ணீர் மேலே விழாமல் இருக்க. ஆனால் காற்று போகும். பெஞ்சை பிளாஸ்டிக் தாளில் இறுக்கிக் கட்டி வைக்கிறோமே, அது இதற்கு நேர் எதிர். உள்ளே வியர்த்து அங்கேயே மட்கும். பளபளவென்று வார்னிஷ் அடிப்பதும் வெளியில் சரிப்படாது. வெயிலில் அது வெடித்து, வெடிப்பு வழியே போன தண்ணீர் வெளியே வரமுடியாமல் உள்ளேயே தங்கும். ஆளிவிதை எண்ணெய் போல உள்ளே ஊறும் எண்ணெயை வருஷம் ஒரு தடவை, வெயில் காலத்தில், மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது பூசினால் போதும். கால் முனைக்கு மட்டும் ரெண்டு தடவை. தேக்கு சாம்பல் நிறமானால் பயப்படாதீர்கள், அது மேல்தோல் சமாச்சாரம்தான்.

இன்னொன்று, தேர் முழுக்க ஒரே காலத்து மரமாக இருக்காது. அச்சு போனால் அச்சு, சக்கரம் போனால் சக்கரம், பலகை போனால் பலகை என்று மாற்றிக்கொண்டே வருவார்கள். திருவாரூர் ஆழித்தேர் 1920-களில் எரிந்துபோய் 1930-ல் புதிதாக எழுந்தது. பிற்பாடு திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்தது. முதலில் தேய்வதும் மட்குவதும் தரையைத் தொடும் பாகம்தானே! பெஞ்சு வாங்கும்போதும் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பலகை போனதற்காக முழு பெஞ்சையும் அடுப்புக்குப் போட வேண்டாம்.

மாற்றுவதற்குக் கை வேண்டும். அந்தக் கை பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூரில் இருக்கிறது. ஒரே கட்டையில் சிலை செதுக்கும் தச்சர்கள், தேருக்கும் செதுக்குகிறவர்கள். 2020-ல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ரொம்ப சந்தோஷம்தான். ஆனால் குறியீடு சோறு போடாது, வேலைதான் போடும். பெரிய இலுப்பை மரமும் இப்போது கண்ணில் படுவது அரிதாகிவிட்டது. நட்டுவைத்தால் தச்சன் கைக்கு வர ரெண்டு தலைமுறை ஆகும். மரமும் இல்லாமல், உளி பிடிக்கும் பிள்ளையும் இல்லாமல் போனால், நம்ம தேர்களும் ஒருநாள் மாளிகைமேடு மாதிரி ஆணியாகத்தான் மிஞ்சும்.

ஆகவே பெஞ்சு வாங்கப் போகிறவர்கள் ஊரில் தச்சர் இருந்தால் அவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கூடவே தோட்டத்து ஓரமாக ஒரு இலுப்பைக் கன்றும் வையுங்களேன். உங்கள் ஊர்த் தேர் என்ன மரம், யார் செய்தது என்று தெரிந்தால் எழுதுங்கள்.